போர்டோடு அதன் டிவைஸ் ட்ரீயையும் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் மாணவர்களுக்காகச் சென்ற ஞாயிறு இணைப்பில் லினக்ஸ் என்ற இயங்குதளம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால், லினக்ஸை எந்த போர்டில் ஏற்றினாலும் அதில் என்னென்ன சாதனங்கள் இருக்கின்றன என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. மேசைக் கணினிக்கு அது பெரும்பாலும் சரி. அந்த மாணவர்கள் நாளைக்கு வேலைக்குப் போய்த் தொடப்போகும், இயந்திரங்களுக்குள் இருக்கும் சிறிய சர்க்யூட் போர்டுகளுக்குச் சரியில்லை. இந்த விஷயத்தில் போர்டு விற்பவர்களிடம் நாம் உரிமையோடு கேட்டு வாங்க வேண்டிய பொருள் ஒன்றும் இருக்கிறது: போர்டில் எது எங்கே இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ என்ற ஃபைல். யாரும் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் கோவை கணபதியில் சிறிய பட்டறை வைத்திருப்பவள். டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ் படிப்பு. மில்களில் இருக்கும் டிஸ்ப்ளே பெட்டி, டேட்டா பெட்டி, கன்ட்ரோலர் இதெல்லாம் சர்வீஸுக்கு வரும். முன்பெல்லாம் மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் இருந்தால் போதும். இப்போது வருகிற பெட்டிகளில் பாதிக்கு மேல் உள்ளே லினக்ஸ் ஓடுகிறது.

கணினியில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். கார்டுகளைச் செருகும் பிசிஐ பாதையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு கார்டையும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் விசாரிக்கலாம். கார்டு இரண்டு எண்களைப் பதிலாகத் தரும். ஒன்று தயாரித்த நிறுவனத்தின் எண், இன்னொன்று சாதனத்தின் எண். இன்டெல்லின் நிறுவன எண் 8086. தங்கள் பழைய பிராசசரின் பெயரையே வாங்கி வைத்துக்கொண்டார்கள், குறும்புக்காரர்கள். யூஎஸ்பியில் செருகும் பொருளும் இப்படித் தன்னைத் தானே சொல்லிவிடும். மதர்போர்டிலேயே பதித்திருக்கும் மற்ற சில்லறைச் சாமான்களுக்கு, கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கும். ஆகவே கெர்னல் வந்து விசாரித்தால் வீட்டு நிலவரம் தெரிந்துவிடுகிறது.

போர்டுகளில் கதை வேறு. ஐ2சி என்று ஒரு பாதை உண்டு. இரண்டே கம்பி. அதில் தொங்கும் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு முகவரி எண். டிஎஸ்3231 என்ற கடிகார சிப்பின் எண் ஹெக்ஸாவில் (பதினாறு பதினாறாக எண்ணும் முறையில்) 68. எம்பியூ6050 என்ற அசைவு உணரும் சிப்பின் எண்ணும் 68தான். கெர்னல் அந்தக் கம்பியில் 68-ஐக் கூப்பிட்டால் "இருக்கிறேன்" என்று மட்டும் பதில் வரும். கடிகாரமா, அசைவு சென்சாரா என்று விசாரிக்க எல்லா சிப்பும் ஒத்துக்கொண்ட பொது வழி கிடையாது. சும்மா தட்டிப் பார்ப்பதும் ஆபத்து. ஐ2சி பாதையைத் துழாவிப் பார்க்க ஐ2சிடிடெக்ட் என்று ஒரு கருவி உண்டு. அதன் கையேட்டிலேயே எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள்: ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகள் பலவற்றில் இருந்த அட்மெல் நிறுவனத்தின் ஏடி24ஆர்எஃப்08 என்ற நினைவக சிப்பை இந்தத் துழாவலின் ஒரு வகையே கெடுத்துவிடும் என்று.

சுவருக்குள் பைப் போட்டுப் பூசி மூடிய வயரிங் மாதிரிதான் இது. கட்டினவர் வரைபடம் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியன் சுத்தியலைத்தான் எடுக்க வேண்டும். போர்டுக்கு அந்த வரைபடத்தின் பெயர் டிவைஸ் ட்ரீ.

அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான், பயப்பட ஒன்றுமில்லை. மேலே போர்டின் பெயர். அதன் கீழே பிராசசர், ரேம் எங்கே தொடங்கி எவ்வளவு தூரம், சிப்புக்குள் இருக்கும் சீரியல் போர்ட்டுகள், ஐ2சி பாதைகள், அந்தப் பாதைகளின் கீழே தொங்கும் சாமான்கள் என்று கிளை கிளையாகப் பிரியும். கடிகார சிப்புக்கு உரிய கிளையில் நாலைந்து வரிதான் இருக்கும். ரெக் என்ற வரியில் அதன் எண் 68. இன்டரப்ட் (கவனிக்கச் சொல்லி சிப் அனுப்பும் சைகை) வரியில் அது எந்தப் பின்னில் வந்து தட்டும், எப்படித் தட்டும் என்ற விவரம். முக்கியமானது கம்பாட்டிபிள் என்ற வரி. அதில் "மேக்சிம், டிஎஸ்3231" என்று தயாரிப்பாளர் பெயரும் சிப்பின் பெயரும் இருக்கும். கெர்னல் அந்தச் சொல்லை எடுத்து, தன்னிடம் உள்ள டிரைவர்களில் (சாதனங்களை இயக்கும் நிரல்களில்) அதை உரிமை கொண்டாடுவது எது என்று பார்க்கும். பொருந்தினால் கடிகாரம் வேலை செய்யும். சிப்பின் பெயரில் ஒரு எழுத்து மாறினால் செய்யாது. பல நேரம் எரர் மெசேஜ்கூட வராது, சிப் அங்கே இல்லாதது போலவே கெர்னல் போய்க்கொண்டிருக்கும்.

இன்னொரு வரி ஸ்டேட்டஸ். பிராசசர் சிப் செய்தவர்கள் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் விவரித்துவிட்டு, பெரும்பாலானவற்றை "டிஸேபிள்டு" என்று மூடி வைத்திருப்பார்கள். போர்டு செய்பவர், தான் உண்மையில் கம்பி இழுத்தவற்றை மட்டும் தன் ஃபைலில் "ஓகே" என்று திறப்பார். சீரியல் போர்ட் வேலை செய்யவில்லை என்று போர்டை மாற்றவே கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒற்றை "ஓகே" இல்லாததுதான் காரணமாக இருக்கும்.

எழுதி முடித்த ஃபைலை டிடிசி என்ற கம்பைலர் (மொழிமாற்றும் கருவி), கணினி நேரடியாகப் படிக்கும் பைனரியாக மாற்றும். போர்டு எழும்போது யூ-பூட் மாதிரி ஒரு பூட்லோடர், அதாவது கெர்னலை ஏற்றிவிடும் சிறிய நிரல், அதை ரேமில் வைத்துவிட்டு, எங்கே வைத்தேன் என்ற முகவரியைக் கெர்னலிடம் கொடுக்கும். ஏஆர்எம் என்ற வகைப் பிராசசரில், 32 பிட் சிப்பானால் ஆர்2 ரெஜிஸ்டர் (பிராசசருக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) வழியாக, 64 பிட்டில் எக்ஸ்0 வழியாக. அந்த பைனரியின் முதல் நாலு பைட் எப்போதும் ஹெக்ஸாவில் டி00டிஃபீட். அதைப் பார்த்துத்தான் இது டிவைஸ் ட்ரீயா, குப்பையா என்று கெர்னல் முடிவு செய்கிறது.

இந்த ஏற்பாடு நேற்று வந்தது அல்ல. சன் நிறுவனத்தின் கணினிகளில் தொடங்கிய, சாதன விவரத்தை மரமாகத் தரும் ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற முறை 1994-இல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 1275 என்ற தரமாகவே வெளிவந்தது. பவர்பிசி என்ற பிராசசர் வைத்த ஆப்பிளின் மேக் கணினிகளும் அதையே பயன்படுத்தின. லினக்ஸ் பவர்பிசி பக்கத்தில் அந்த மரத்தைத் தட்டையாக்கி ஒரே பைனரியாகக் கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள்.

ஏஆர்எம் பக்கம்தான் வெகுநாள் அலங்கோலமாக இருந்தது. ஒவ்வொரு போர்டின் விவரத்தையும் சி மொழியில் நிரலாகவே எழுதிக் கெர்னலுக்குள் திணித்தார்கள். ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு பதிவு எண். புது போர்டு வந்தால் புது சி ஃபைல், புது எண், புதிதாகக் கம்பைல். இந்த போர்டின் கெர்னல் அந்த போர்டில் எழாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு எல்இடி மட்டும் இடம் மாறியிருந்தாலும் கதை அதேதான். 2011 மார்ச்சில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்தார். ஏஆர்எம் விவகாரம் பெரிய தலைவலியாகிவிட்டது, யாராவது பொறுப்பெடுத்து ஒழுங்குபடுத்துங்கள் என்று மின்னஞ்சலில் வெளுத்து வாங்கினார். அவர் பயன்படுத்திய சொற்களை நாளிதழில் போட முடியாது. அதன் பிறகுதான் ஏஆர்எம் போர்டுகள் வேகமாக டிவைஸ் ட்ரீக்கு மாறின. 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பில், பல நிறுவனங்களின் ஏஆர்எம் சிப்புகளில் எழக்கூடிய ஒரே கெர்னலைக் கட்டும் வசதி வந்தது. அதே பதிப்பில் நுழைந்த 64 பிட் ஏஆர்எம் முதல் நாளிலிருந்தே அந்தப் பழைய சி ஃபைல்களை ஒதுக்கிவிட்டது. இப்போது ரிஸ்க்-5 என்ற திறந்த வடிவமைப்பில் வரும் சிப்புகளிலும் லினக்ஸுக்குப் பெரும்பாலும் இதே வழிதான். சென்னை ஐஐடியின் சக்தி பிராசசரும் ரிஸ்க்-5 குடும்பம் என்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, இதில் பணம் கொடுத்து வாங்குகிறவருக்கு என்ன வந்தது? என் பட்டறைக்கு வந்த ஒரு கேஸைச் சொல்கிறேன்.

சூலூர் பக்கம் ஒரு நூற்பாலை. ரிங் ஃப்ரேம் என்ற நூற்பு இயந்திரங்கள் எவ்வளவு நேரம் ஓடின, எவ்வளவு நேரம் நின்றன என்று ஷிப்ட் வாரியாகக் கணக்கு வைக்கும் பெட்டி. கரண்ட் போய் வந்தால் அந்தப் பெட்டிக்குத் தேதி 1970 ஜனவரி 1, காலை ஐந்தரை மணி. லினக்ஸின் காலக்கணக்கு கிரீன்விச் நேரப்படி நள்ளிரவில் தொடங்குகிறது, நமக்கு அது ஐந்தரை. அப்புறம் வரும் ரிப்போர்ட் எல்லாம் 1970-ஆம் ஆண்டு உற்பத்தி. "அக்கா, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே மில்லுல நூல் ஓட்டிட்டு இருக்கேனுங்க" என்று சூப்பர்வைசர் சிரித்தார்.

பெட்டியைத் திறந்தால் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. போர்டில் சால்டர் வைத்திருந்த ரீசார்ஜ் பேட்டரி கசிந்து, பக்கத்தில் இருந்த பிசிஎஃப்8563 கடிகார சிப்பின் கால்களையும் டிராக்குகளையும் பச்சையாக அரித்திருந்தது. புது சிப்பை சால்டர் செய்ய பேட் (செப்புத் தகடு) மிஞ்சவில்லை. அதே ஐ2சி கம்பிகள் ஒரு கனெக்டருக்கும் வந்திருந்ததால், டிஎஸ்3231 மாட்யூல் ஒன்றை அங்கே மாட்டிவிட்டால் முடிந்தது. ஹார்டுவேர் வேலை அவ்வளவுதான்.

ஆனால் கெர்னலுக்கு யார் சொல்வது? அது இன்னும் 51 என்ற எண்ணில் பிசிஎஃப்8563-ஐத்தான் தேடிக்கொண்டிருக்கும். பெட்டியைச் செய்து விற்றவர்களுக்குப் போன் போட்டு டிவைஸ் ட்ரீ ஃபைலைக் கேட்டேன். "அந்த மாடலுக்கு சப்போர்ட் முடிஞ்சுருச்சுங்க மேடம், புது மாடல் எடுத்துக்கச் சொல்லுங்க" என்றார்கள். பணம் கொடுத்துச் செய்து தாருங்கள் என்றதற்கும் அதே பதில். மில்லில் அந்த மாதிரிப் பெட்டி வரிசையாக இருக்கிறது. எல்லாவற்றிலும் அதே பேட்டரி, அதே இடத்தில். ஒன்று கசிந்தால் மற்றதும் கசியும். நாலு வரி டெக்ஸ்ட் இல்லை என்பதற்காக எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டுமாம்.

கெர்னல் எழுந்த பிறகு ஸ்கிரிப்டில் ஒரு வரி போட்டுப் புது சிப்பை அறிமுகப்படுத்தலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். செய்யலாம். ஆனால் எழும்போதே கெர்னல் கடிகாரத்தைப் படிக்க வேண்டும் என்றால் அது டிவைஸ் ட்ரீயில் இருப்பதே முறை. இல்லாவிட்டால் முதல் சில வரிப் பதிவு (லாக்) மறுபடியும் 1970-க்குப் போகும். இந்தப் பெட்டியின் மென்பொருளோ அந்த முதல் வரிகளை வைத்துத்தான் ஷிப்டைத் தொடங்கும்.

எஸ்டி கார்டின் பூட் பகுதியில் கம்பைல் செய்த பைனரி இருந்தது. டிடிசி கம்பைலரையே திருப்பிப் போட்டால் பைனரியிலிருந்து டெக்ஸ்ட் வரும். வரும்தான், ஆனால் எழுதினவர் வைத்த பெயர்கள், குறிப்புகள் எல்லாம் உதிர்ந்துபோய் வரும். மூல ஃபைலில் "ஜிபிஐஓ1, 17, லெவல் லோ" என்று படித்தவுடன் புரிகிற மாதிரி இருந்திருக்கும் வரி, இப்போது 1சி, 11, 8 என்று மூன்று ஹெக்ஸா எண்ணாக நிற்கிறது. 1சி என்பது யார்? ஃபைல் முழுக்கத் தேடி, 1சி என்ற அடையாள எண்ணை வைத்திருக்கும் கிளை எது என்று பார்த்தால், பொதுப் பயன் பின்களைக் கவனிக்கும் ஜிபிஐஓ கன்ட்ரோலர் கிடைக்கும். ஹெக்ஸா 11 என்றால் 17. 8 என்றால் கம்பி தாழ்ந்திருக்கும் வரை இன்டரப்ட் என்று பொருள். இப்படி ஒவ்வொரு வரியாக அவிழ்க்க வேண்டும்.

சிப்பில் ஐ2சி பாதை மூன்று. நம் கனெக்டர் எந்தப் பாதையைச் சேர்ந்தது என்று சர்க்யூட் டயகிராம் இல்லாமல் எப்படித் தெரியும்? பழைய கடிகாரத்தின் 51-ஐத் தேடினேன். அது எந்தக் கிளையின் கீழ் தொங்குகிறதோ அதுதான் நம் பாதை. அந்தக் கிளையில் பழையதை "டிஸேபிள்டு" ஆக்கி, 68-க்குப் புதிதாக ஒரு கிளை எழுதி, கம்பைல் செய்து கார்டில் வைத்தேன். டிரைவர் அந்தக் கெர்னலுக்குள் ஏற்கெனவே இருந்தது. மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால் சரியான தேதி வந்தது. மற்றப் பெட்டிகளுக்கும் கசிவதற்கு முன்பே பேட்டரியைக் கழற்றி இதையே செய்துகொண்டோம்.

இந்தப் பெட்டியில் முடிந்தது. டிவைஸ் ட்ரீயைக் கெர்னலோடு சேர்த்து டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு மூடிய பெட்டிகளும் வருகின்றன. அவற்றில் ஒரு எழுத்தை மாற்றினாலும் பூட்லோடர் எழ மறுத்துவிடும். பாதுகாப்புக்காகச் செய்கிறார்கள், சரிதான். ஆனால் சாவி மொத்தமும் விற்றவர் கையில், அவர் போனை எடுப்பதில்லை என்றால் அந்தப் பெட்டி யாருடையது?

ஏன் தர மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டால், டிசைன் ரகசியம் வெளியே போய்விடும் என்பார்கள். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நான் திருப்பிப் போட்ட அதே பைனரி எல்லாப் பெட்டியிலும் போகிறது. இலவசக் கருவியால் ஒரே கட்டளையில் திறக்கிறது. போட்டி நிறுவனம் நினைத்தால் அரை நாளில் அத்தனை பின்னையும் எழுதிவிடும். மூல ஃபைலை மறைப்பதால் மாட்டிக்கொண்டு முழிப்பது பணம் கொடுத்து வாங்கினவரும் அவருடைய சர்வீஸ்காரரும்தான்.

சட்டமும் ஓரளவு நம் பக்கம் இருக்கிறது. லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் வருகிறது. பைனரியைக் கொடுப்பவர் மூல நிரலையும் கூடவே தர வேண்டும், அல்லது கேட்டால் தருவேன் என்று குறைந்தது மூன்று ஆண்டுக்குச் செல்லும் எழுத்து உறுதியாவது தர வேண்டும். ஆனால் இதை மட்டும் நம்ப முடியாது. டிவைஸ் ட்ரீ ஃபைல்கள் பலவற்றை ஜிபிஎல் அல்லது இன்னும் தளர்வான எம்ஐடி உரிமம், இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டிருக்கிறார்கள். எம்ஐடியை எடுத்தவர் மூல ஃபைலைத் தர வேண்டியதில்லை. ஆகவே வாங்கும்போதே எழுதி வாங்குவதுதான் வழி.

நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. ராஸ்பெரி பை போர்டின் மேல் செருகும் ஹேட் என்ற துணை போர்டுகளுக்கு 2014-இல் ஒரு விதி வைத்தார்கள். ஒவ்வொரு ஹேட்டிலும் சிறிய நினைவக சிப் இருக்க வேண்டும், அந்த போர்டு யார் என்ற விவரமும் அதற்கான டிவைஸ் ட்ரீத் துண்டும் அதிலேயே இருக்கலாம். போர்டு தன் வரைபடத்தைத் தானே சுமந்து வருகிறது. நம் ஊர்த் தயாரிப்பாளர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஒரு ஃபைலைப் பென்டிரைவில் கொடுத்தால் போதும்.

கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆய்வகத்தில் ராஸ்பெரி பை வைத்திருக்கிறார்கள். கடிகார மாட்யூல் மாட்டும்போது கான்ஃபிக் ஃபைலில் டிடிஓவர்லே என்று தொடங்கும் ஒரு வரியைப் பார்த்து எழுதுகிறார்கள், வேலை முடிகிறது. அந்த வரி கெர்னலின் மரத்தில் ஒரு கிளையை ஒட்டுகிறது என்று என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளில் தெரிந்தவர் அபூர்வம். ஓடுகிற போர்டில் ப்ராக் அடைவுக்குள் டிவைஸ்-ட்ரீ என்று ஒன்று இருக்கும். உள்ளே போனால் முழு மரமும் ஃபோல்டர் ஃபோல்டராக விரியும். அதில் மாடல் என்ற ஃபைலைத் திறந்தால் போர்டின் பெயர் வரும். இதற்குத் தனிப் பாடத்திட்டம் வேண்டாம், ஒரு லேப் வகுப்பு போதும்.

மில்காரர்கள், பம்ப் கம்பெனிகள், டெண்டர் விடும் அரசுத் துறைகள், யார் வாங்கினாலும் பர்ச்சேஸ் ஆர்டரில் இதைச் சேருங்கள்: "லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு போர்டுக்கும் அதன் டிவைஸ் ட்ரீ மூல ஃபைலையும், அது சேர்த்துக்கொள்ளும் மற்ற ஃபைல்களையும், கனெக்டர்கள் வரையிலான சர்க்யூட் டயகிராமையும், பூட்லோடர் கையெழுத்துக் கேட்கும் பெட்டியானால் மாற்றிய ஃபைலை ஏற்றும் வழியையும் ஒப்படைக்க வேண்டும்." எழுதினால் மட்டும் போதாது. டெலிவரி எடுக்கும் நாளில், கொடுத்த மூல ஃபைலை உங்கள் கண் முன்னே கம்பைல் செய்து, அதைக் கொண்டே போர்டை எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். வேறு மாடலின் ஃபைலைத் தலையில் கட்டுவதும் நடக்கிறது. காட்டும் வரை கடைசித் தவணைக் காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கணபதி, கோயம்புத்தூர்